மாஞ்சோலை ஊரா, குத்தகைத் தோட்டமா?

அம்பை வாசகன்:
அம்பாசமுத்திரம் வட்டாரத்து ஊர்களின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மாஞ்சோலைக்குத் தனி அத்தியாயம் வைத்தேன். படித்த நண்பர், "அது ஊரே இல்லை, எடுத்துவிடுங்கள்" என்கிறார். மணிமுத்தாறு சோதனைச்சாவடி தாண்டி ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், தேயிலை ஃபாக்டரி எல்லாம் இருந்த மலை. இதற்கு மேல் ஒரு ஊருக்கு என்ன வேண்டும்?

பொதிகைக் காடு:
அந்த நண்பர் நான்தான் அண்ணாச்சி. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் மலையை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிந்து 1952ல் நிலம் அரசாங்கத்துக்கு வந்தபிறகும் குத்தகை தொடர்ந்தது. கெடு 2028. முடியும் வருசம் முதல் நாளே எழுதப்பட்ட இடம் அது. நம்ம கல்லிடைக்குறிச்சிக்கோ வீரவநல்லூருக்கோ கெடு உண்டா? அதற்கு முன்னால் அங்கே நின்றது சோலைக்காடு. அந்த மலை பிடித்து வைக்கிற மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் சேருகிறது. வெட்டிப்போட்ட காட்டுக்கு ஒரு வரிகூட உங்கள் அத்தியாயத்தில் இல்லை.

நாலுமுக்கு அக்கா:
தம்பி, நான் நாலுமுக்கில் பிறந்து, 1996ல் கல்யாணமாகிக் கீழே வந்தவள். நாலரை கிலோ பச்சைக் கொழுந்து பறித்தால்தான் ஒரு கிலோ தேயிலை தேறும். எங்க அம்மாவுக்கு வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறையேறிக் கறுத்தே கிடக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது எலுமிச்சந்தோலை வைத்துத் தேய்ப்பாள், தேய்ப்பாள், போகவே போகாது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டுதான் பந்தியில் உட்காருவாள். தாத்தாவைப் புதைத்ததும் மேலேதான். குத்தகை கம்பெனிக்கு. அங்கே பிறந்த நாங்கள் எந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தோம்?

அம்பை வாசகன்:
1999 ஜூலை 23ஐயும் சேர்த்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டும், ஜெயிலில் இருந்த தோட்டத் தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி. தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. இன்றைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனில் யாரைக் கேட்டாலும் "மாஞ்சோலைக்காரங்க" என்றுதான் சொல்வார்கள். ஊர் இல்லாமலா ஊர்க்காரன் வருவான்?

பொதிகைக் காடு:
அந்த 17 பேரை நானும் மறக்கவில்லை அண்ணாச்சி. 2024ல் கம்பெனி தோட்டத்தை நிறுத்தியதால் வேலை போன குடும்பங்களுக்குக் கீழே வீடும் பிழைப்பும் கொடுத்தே ஆகணும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் களக்காடு முண்டந்துறை 1988லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. தேயிலை நின்ற இடத்தில் இனி சோலைதான் திரும்பணும். அத்தியாயம் இருக்கட்டும். "1929ல் மாஞ்சோலை பிறந்தது" என்ற முதல் வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

நாலுமுக்கு அக்கா:
சரி தம்பி, காட்டிலிருந்தே தொடங்கட்டும். அந்தக் காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் எங்க தாத்தா மாதிரிக் கூலிக்கு வந்த ஆட்கள்தான். அட்டைக்கடியிலும் குளிர்க்காய்ச்சலிலும் கிடந்து செய்த வேலை அது. அதையும் அடுத்த வரியிலேயே எழுதணும். அண்ணாச்சி, தாத்தாவோட பழைய சம்பளச் சீட்டு ஒன்று அம்மா டிரங்குப் பெட்டியில் இருக்கு. நாளைக்குப் படம் எடுத்துப் போடுறேன்.