90 பிள்ளைகளோடு ஹோர்ட்டன் சமவெளி: போகலாமா, கூடாதா?

உப்புவெளியான்:
எங்கள் டியூஷன் பிள்ளைகள் 90 பேரை இரண்டு பஸ்ஸில் மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போக யோசிக்கிறோம். இரவே திருகோணமலையில் வெளிக்கிட்டால் விடியப் பூங்காவின் பட்டிப்பொல வாசலில் நிற்கலாம். கடலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். 2,100 மீற்றர் உயரத்துக் குளிர், நெலுப் பூ, 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பள்ளம் எல்லாம் ஒரு தடவையாவது பார்க்கட்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூர் அக்கா:
தம்பி, 90 பேர் வேண்டாம். நெலு பூத்திருந்த நேரம் நான் போனேன். எங்களுக்கு முன்னால் போன பெரிய கூட்டம் படம் எடுக்கப் பாதையை விட்டிறங்கிச் செடிகளை மிதித்துக்கொண்டு நின்றது. ஒரு பிள்ளை கை நிறையப் பூ பறித்திருந்தாள். திரும்பி வரும்போது எல்லாம் வாடி, உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தது. நெலுவில் சில வகை 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்து விதை விட்டதும் செடி செத்துவிடும். விதைக்கு முன் பறித்தால் அந்தச் செடி 12 வருடம் காத்திருந்தது எதற்கு?

உப்புவெளியான்:
அது சொல்லிக்கொடுக்காத பெரியவர்களின் பிழை அக்கா. வசதியுள்ளவர்கள் நாலு பேராக வான் பிடித்துப் போகிறார்கள். எங்களுக்கு பஸ் கூலியைப் பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகும். கூட்டம் கூடாது என்றால், காசில்லாத பிள்ளை போகக்கூடாது என்றுதானே ஆகிறது?

கோட்டையடி:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலக முடிவில் பள்ளம் 870 மீற்றர் அளவு. அந்த விளிம்பில் 90 பிள்ளைகள் முண்டியடித்தால் யார் பார்ப்பது? இன்னொன்று, வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள், போத்தல் லேபலையும் கிழிப்பார்கள். கோபப்படாதீர்கள். நம் திருகோணமலைக் கோட்டை மான்கள் சாப்பாட்டு வாசத்துக்குப் பொலித்தீனைத் தின்பதைத் தினமும் பார்க்கிறேன். அங்கே மரைகள், அந்தப் பெரிய மான்கள், ஆளுக்குப் பழகி, பாணுக்காகக் கிட்ட வரும். தயவுசெய்து கொடுக்கவேண்டாம். மகாவலி ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிற மலை அது. அந்தத் தண்ணீர்தான் கடைசியில் நம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது.

உப்புவெளியான்:
சரி, 30 பேராகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று ஆசிரியர்கள். 6 மணி, 6.30, 7 மணி என்று விடலாம். சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும் என்கிறார்கள், அதற்குள் கடைசிக் குழுவும் விளிம்புக்குப் போய்விடும்.

மூதூர் அக்கா:
90 இன்னும் கூடத்தான், என் எண்ணம் மாறவில்லை. நெலு பூக்கிற வருடமாவது விட்டுவிடுங்கள். மற்ற நாளில் போவதென்றால் குழுவாகப் பிரித்தே போங்கள். பிள்ளைகளுக்குச் சுவெட்டர் இருக்கிறதா? விடியக் குளிரில் விரல் மரத்துவிடும்.

உப்புவெளியான்:
பாதிப் பேருக்கு இல்லை அக்கா.

மூதூர் அக்கா:
என் பிள்ளைகள் போட்டது மூன்று இருக்கிறது. வந்து எடுங்கள்.