மறு: பனானா பிளக்குக்கும் மொட்டை ஒயருக்கும் தமிழ்ல என்ன பேர்?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா இந்த இழையை படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், நேத்து ராத்திரி அண்ணன் போட்ட மடலை பாத்ததும் இனிமே கை சும்மா இருக்காதுன்னு எழுத உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. புதுசா சேந்தவங்களுக்காக ஒரு வரி: ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் பண்ணி விக்கிற நண்பருக்கு எட்டுப் பக்கத்துல தமிழ் கையேடு எழுதித் தர்றேன், அதுல மூணாம் பக்கம் ஸ்பீக்கர் ஒயரை பின்னாடி எப்படி மாட்டுறதுன்னு. ஸ்லீவை உரிச்சு செம்பை அப்படியே மாட்டுறது ஒரு வழி, முனைல செருகுற பனானா பிளக், வாய் பிளந்த ஸ்பேட்னு எதையாவது போட்டு மாட்டுறது இன்னொரு வழி. இது ரெண்டுக்கும் ஆளுக்கொரு சொல் வேணும்னுதான் கேட்டேன், அது இப்ப எங்கயோ போயிடுச்சு.

> பனானா பிளக் = வாழைச்செருகி, ஸ்பேட் = மண்வெட்டிச்செருகி. நேரா இருக்கு. இதுல என்ன குழப்பம்?

அண்ணே, நேராத்தான் இருக்கு, ஆனா வாழைன்னா நம்மாளு கண்ணு முன்னாடி இலை வரும், தாரு வரும், கல்யாண வாசல் வரும், 4 மில்லிமீட்டர் பித்தளைக் குச்சி வருமா? ஒரு பிளக்கை கைல எடுத்து பாருங்க. நடுவுல ஒரு பின், அதைச் சுத்தி மெல்லிசா தகடு, ரெண்டு நுனியும் பின்னோட ஒட்டியிருக்கும், நடுவயிறு மட்டும் புடைச்சிட்டு நிக்கும், ஓட்டைல அழுத்துனா அந்த வயிறு அமுங்கி சுவரை வெளிப்பக்கமா தள்ளிட்டே இருக்கும், அந்த தள்ளல்தான் பிடிமானமே, அங்க திருகும் இல்ல மறையும் இல்ல. 1924ல ஜெர்மனில ரிச்சர்ட் ஹிர்ஷ்மன் பண்ணதுன்னு ஒரு கட்சி, அதே வருஷம் அமெரிக்காவுல ஜெனரல் ரேடியோ கம்பெனி பண்ணதுன்னு இன்னொரு கட்சி. யார் பண்ணாலும் சரி, இங்கிலீஷ்காரன் கண்ணுக்கு அந்த வயிறு வாழைப்பழமா பட்டுச்சு, நமக்கும் அப்படியே படணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? எங்க பாட்டி கைல குடுத்திருந்தா நூல் நூக்குற கதிர்னு சொல்லியிருக்கும். கதிர்ச்செருகின்னு வைக்க எனக்கும் ஆசைதான், இப்ப கதிர்னா எக்ஸ்ரேதான் ஞாபகம் வரும்னு விட்டுட்டேன். அது செய்யற வேலையை பாத்து புடைசெருகின்னு வைக்கலாம். வினைத்தொகை, நடுவுல ஒத்து போட்டுடாதீங்க.

ஸ்பேடுக்கு மண்வெட்டி வேண்டவே வேண்டாம். ரெண்டா பிளந்த வாய், திருகோட கழுத்துல ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரும். சின்ன வயசுல மாங்காய்க்கு கல்லடிச்ச யாரை கேட்டாலும் இது கவட்டைன்னுதான் சொல்லுவான். எழுத்துல கவைமுனை. இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறேன்.

> மொட்டை ஒயருக்கு தனியா சொல் எதுக்கு? வெறுங்கம்பின்னு போட்டா போதாதா?

போதாது ஐயா. தெருவுல போஸ்ட்டுக்கு போஸ்ட் ஓடுதே, அதுதான் வெறுங்கம்பி, நீளம் முழுக்க உறை கிடையாது, கிட்ட போகக் கூடாது. ஸ்பீக்கர் ஒயர் அப்படியா? அஞ்சு மீட்டரும் உறைக்குள்ள இருக்கு, கடைசில ஒரு சென்டிமீட்டர் மட்டும்தான் உரியுது. பேர் வேண்டியது கம்பிக்கு இல்ல, முனைக்கு. உரிமுனைன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார், நல்ல சொல்தான், ஆனா ரெண்டு தடவை நானே அதை உரிமைன்னு படிச்சுட்டேன், அச்சுல வந்தா ப்ரூஃப் பாக்குறவரு கண்டிப்பா உரிமைன்னு திருத்திடுவாரு. அதனால வெறுமுனை.

இந்த வெறுமுனையை கேவலமா நினைக்காதீங்க. எங்க ஊர் கோயில் திருவிழாவுக்கு வர்ற மைக் செட் அண்ணன் ஒயரை பல்லுல கடிச்சு இழுத்து ஸ்லீவை துப்பிட்டு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரே முறுக்கு முறுக்கி டெர்மினல்ல சொருகிட்டு அடுத்த குழாய்க்கு போயிடுவாரு, விடிய விடிய பாடும். கணக்கு பாத்தாலும் அப்படித்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் அஞ்சு மீட்டர் இழுத்தா போக வர பத்து மீட்டர், அதோட தடை சுமாரா 0.13 ஓம், எதிர்ல 8 ஓம் ஸ்பீக்கர். முனைல நல்ல பிளக் போட்டாலும் சரி போடாட்டியும் சரி அங்க கூடுறது குறையுறதெல்லாம் மில்லி ஓம் கணக்கு. காதுக்கு வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றவர்கிட்ட நான் சண்டைக்கு போறதில்ல, ஆனா கையேட்டுல அதை எழுத மாட்டேன்.

வெறுமுனைல வில்லங்கம் வேற இடத்துல இருக்கு. ஒண்ணு பிசிறு. மல்டி ஸ்ட்ராண்டை, அதாவது பல மெல்லிய இழை சேந்த ஒயரை உரிக்கும்போது முறுக்குல சேராம ஒரு இழை மட்டும் வெளிய நீட்டிட்டு நிக்கும், ஆம்ப்ளிஃபையர் முதுகுல ஒயரை மாட்டுற சிவப்பு போஸ்ட்லேர்ந்து கறுப்பு போஸ்ட்டை போய் தொட ஒரே ஒரு இழை போதும். இது எனக்கே நடந்துச்சு, அவசரத்துல அலமாரிக்கு பின்னாடி கையை விட்டு தடவித் தடவி மாட்டுனேன், பவர் போட்டேன், சின்னதா ஒரு டப், அவுட்புட் டிரான்சிஸ்டர் ரெண்டும் போச்சு. ப்ரொடெக்‌ஷன் இருக்குற செட்டா இருந்தா கட் பண்ணிட்டு நின்னிருக்கும், நம்மது பழசு. பிசிறுங்கிற இந்த சொல்லை யாரும் உருவாக்க வேண்டியதே இல்ல பாருங்க, துணி ஓரத்துல நிக்கிறதும் இதுவும் ஒண்ணுதான், கையேட்டுல அப்படியே போட்டுட்டேன்.

இன்னொண்ணு களிம்பு. எங்க வீட்டுலேர்ந்து கடல் நடக்குற தூரம், பளபளன்னு மாட்டுன செம்பு கொஞ்ச நாள்லயே கறுத்துடும், அப்புறம் ஓரத்துல பச்சை பூக்கும். சைவ சித்தாந்தம் படிச்சவங்க உயிரை ஒட்டுன மலத்துக்கு உவமை சொல்றது இதே செம்புக் களிம்பைத்தான், நான் ஒவ்வொரு வருஷமும் கட்டர் எடுத்து அந்த மலத்தை நறுக்கிட்டு புதுசா உரிச்சு மாட்டுறேன்.

இதுக்கு பயந்துட்டு முனைக்கு ஈயம் பூசுறவங்க உண்டு. ஈயம் பூசுறதுன்னதும் தெருவுல பித்தளை பாத்திரத்துக்கு பூச வருவாரே அவர் ஞாபகம் வருதுல்ல, அதே சொல்தான், அருமையா பொருந்துது, ஆனா வேலைதான் தப்பு. சோல்டர் மெத்து, திருகோட அழுத்தத்துல கொஞ்சம் கொஞ்சமா நசுங்கி நகரும், இன்னைக்கு டைட்டா இருந்தது ரெண்டு மாசத்துல லூசா ஆடும். ஸ்ப்ரிங் கிளிப்புல மாட்டுறதுன்னா பரவால்ல, ஸ்ப்ரிங் பின்னாடியே அமுக்கிட்டு வரும். திருகுற போஸ்ட்டுக்கு ஆகாது.

அப்ப என்ன பண்றதுன்னா, ஸ்ட்ராண்ட் எல்லாத்தையும் சேத்து ஒரு சின்ன உலோகக் குழல்ல நுழைச்சு கிரிம்பிங் டூல்ல நசுக்கிடணும். இதை ஃபெரூல்னு சொல்றாங்க. இதுக்கு தமிழ்ல என்னன்னு மூணு நாள் மண்டையை குடைஞ்சுட்டு இருந்தேன், அம்மா ஊர்லேர்ந்து பழைய உலக்கையை கொண்டு வந்து சுவத்துல சாத்துனாங்க, அடியில இரும்பு வளையம். பூண்! கட்டையோட நார் பிரிஞ்சிடாம இறுக்கிப் பிடிக்க உலக்கை நுனில போடுறது. செம்பிழை பிரிஞ்சிடாம இறுக்கிப் பிடிக்க ஒயர் நுனில போடுறது. பத்தாயிரம் கலைச்சொல் உருவாக்கியிருக்கோம், இது வீட்டு மூலைல சாஞ்சுட்டு நின்னிருக்கு.

அதனால என் முன்மொழிவு: எதுவும் போடாத முனை வெறுமுனை, எதை மாட்டியிருந்தாலும் பூண்முனை. பூண்ல வகை, கவையா புடைசெருகியா குச்சியாங்கிறது அதுக்கு கீழ.

— — —

மறுபடி நான்தான். மத்தியானத்துக்குள்ள ஒன்பது மடல், சந்தோஷம்.

> பூண் என்பது ஃபெரூலுக்கு மட்டுமே சரி. பிளக்கையும் பூண் என்றால் பொருள் நீர்த்துப் போகும். அதற்கு இணைப்பி என்றே ஒரு சொல் இருக்கிறதே.

ஐயா சொல்றது நியாயமாத்தான் படுது, ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. இணைப்பின்னா ஆம்ப்ளிஃபையர் முதுகுல இருக்குற சிவப்பு கறுப்பு போஸ்ட்டும் இணைப்பிதான், ஒயர் நுனில இருக்குறதும் இணைப்பிதான், "இணைப்பியை இணைப்பியில் செருகவும்"னு எழுதுனா படிக்கிறவன் சிரிப்பான். ரெண்டாவது, ஒரு திருகு வச்ச பனானாவை கழட்டி பாருங்க, உள்ள என்ன இருக்கு? அதே உரிச்ச செம்பு, அதே முறுக்கு, பக்கவாட்டுல ஒரு குட்டி திருகு. வெறுமுனை எங்கயும் போகல, பிளக்குக்குள்ள ஒளிஞ்சிட்டு இருக்கு, அங்க லூசானா கண்ணுக்கும் தெரியாது. இருக்குற முனை மேல பூணுறதுதான் அந்த பிளக், அதனாலதான் பூண்னு சொன்னேன், உலக்கைக்கு மட்டும் எழுதி வச்ச சொல் இல்லையே அது.

> எங்கட பாடப்புத்தகத்திலை சொக்கற்றுக்கு குதை எண்டுதான் படிச்சனாங்கள், டெர்மினலுக்கு முடிவிடம். அதையும் பாருங்கோ.

நன்றி அண்ணா, குதை ரொம்ப பிடிச்சிருக்கு. அம்பு நாண்ல உக்கார்ற வெட்டும் குதைதான், ஒண்ணு வந்து இன்னொண்ணுல பொருந்துற இடம். போஸ்ட்டோட நடு ஓட்டைக்கு அதையே போட்டுக்கறேன். முடிவிடம் மட்டும் இங்க பஸ் ஸ்டாண்டு மாதிரி கேக்குது, கோவிச்சுக்காதீங்க, இங்க முனையம்னே பழகிட்டாங்க.

> பேர் இருக்கட்டும், வீட்டுக்கு எதை போடச் சொல்றீங்க?

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு தடவை மாட்டிட்டு வருஷக்கணக்கா தொட மாட்டீங்கன்னா வெறுமுனை போதும்: ஒரு சென்டிமீட்டர் உரிங்க, திருகு இறுகுற பக்கமாவே முறுக்குங்க, பிசிறு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை இறுக்குங்க, செம்பு அமுங்கி கொஞ்சம் இடம் விட்டிருக்கும். செட்டை அடிக்கடி கழட்டி மாத்துற ஆளு, இல்ல என்னை மாதிரி அலமாரிக்கு பின்னாடி குருட்டுக் கை விடுற ஆளுன்னா புடைசெருகி போட்டுக்கங்க. கைக்குழந்தை இருக்குற வீட்ல மட்டும் கவனம், அந்த 4 மில்லிமீட்டர் குச்சி சுவத்துல இருக்குற 5 ஆம்ப் சாக்கெட்லயும் லூசா போயிடும். ஐரோப்பாவுக்கு போற செட்ல போஸ்ட் ஓட்டையை பிளாஸ்டிக் மூடி வச்சு அடைச்சு அனுப்புறது இந்த பயத்துலதான், அங்க ரெண்டு முள் பிளக்கோட முள்ளே 4 மில்லிமீட்டர். அந்த மூடியை புடுங்கணும்னு தெரியாம பிளக் போகலைன்னு திருப்பி குடுத்தவங்களும் உண்டு. மூடிக்கு அடைப்பான்னு போட்டிருக்கேன்.

அப்புறம் ஒயர் வாங்கும்போது வெட்டுன வாயை சுரண்டி பாருங்க, வெளிய சிவப்பு உள்ள வெள்ளைன்னா செம்பு பூசுன அலுமினியம், அதே கனத்துக்கு தடை ஒன்றரை மடங்குக்கு மேல. வெளிய வெள்ளை உள்ள சிவப்புன்னா பயப்படாதீங்க, அது ஈயம் பூசுன செம்பு.

மூணாம் பக்கம் நாளைக்கு காலைல அச்சுக்கு போகுது. வெறுமுனை, பூண்முனை, புடைசெருகி, கவைமுனை, குதை, பிசிறு, அடைப்பான். இதுல எதுக்காவது ஆட்சேபணை இருந்தா இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குள்ள சொல்லிடுங்க. ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கின்னு போடலாமா, பெருக்குறது ஆம்ப்ளிஃபையர் தானேங்கிற சண்டையை மட்டும் தனி இழைல வச்சுக்கலாம், நான் கையேட்டுல ஸ்பீக்கர்னே போட்டுட்டேன்.