அறுபது வருடப் பட்டுப்புடவைக்கு ஸ்டீமர் வாங்கலாமா?

பரண்பெட்டி:
பாட்டியின் கூறைப்புடவை, 1963இல் காஞ்சிபுரத்தில் எடுத்தது. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, அசல் ஜரிகை. பதினைந்து வருடமாக டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரே மடிப்பில் கிடந்திருக்கிறது. தை மாதம் தன் நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் கட்டுவேன் என்கிறாள் அக்காள் மகள். கூடவே அத்தை 1970களில் தைத்துக்கொண்ட கறுப்பு வெல்வெட் ரவிக்கை ஒன்றும் கசங்கிக் கிடக்கிறது. இரண்டின் மேலும் இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கை வரவில்லை. நீராவி விட்டுச் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமர் இருக்கிறதே என்று கடைக்குப் போனேன். கையில் பிடிக்கும் 1500 வாட் ஸ்டீமர் ஒன்றும், குழாயும் கம்பமுமாக நிற்கும் 1800 வாட் ஸ்டீமர் ஒன்றும் காட்டினார்கள். எதை வாங்கலாம்?

சுருக்குப்பை:
இரண்டையும் வாங்காதீர்கள். என் அம்மாவின் வாடாமல்லிப் பட்டுக்கு இப்படித்தான் ஆசையாக ஒரு கையடக்க ஸ்டீமரை எடுத்தேன். முந்திப் பக்கம் கொஞ்சம் சாய்த்ததும் குபுக்கென்று வெந்நீரைத் துப்பியது. பழைய எட்டணா அளவில் நான்கு வட்டக் கறை. தேய்த்துப் பார்த்தேன், சலவைக்காரரிடம் காட்டினேன், இன்றுவரை போகவில்லை. பெட்டிக்குள் சுருக்கத்தோடாவது இருந்திருக்கும்.

வாட்கணக்கன்:
சுருக்குப்பை அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு கருவி துப்பியதற்காக நீராவியையே தள்ளிவைப்பது நியாயமில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகை இரண்டு புள்ளியில் வைத்தால் தட்டின் சூடு 150 டிகிரி வரை போகலாம். அதோடு அது துணியை அழுத்தித் தேய்க்கிறது. நீராவியோ 100 டிகிரியில் வெளியே வருகிறது, துணியைத் தொடுவதற்குள் இன்னும் ஆறிவிடும். நரம்பு தளர்ந்த பட்டுக்கு எது மென்மை?

வாட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஒரு கிராம் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து ஆவியாக்க ஏறத்தாழ 2,570 ஜூல் வேண்டும். 1500 வாட் கருவி ஒரு நிமிடத்தில் கொடுப்பது 90,000 ஜூல். வகுத்தால் 35 கிராம். இழப்பே இல்லாவிட்டால்கூட அவ்வளவுதான். அதே வாட்டில் நிமிடத்துக்கு 50 கிராம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால், மிச்சப் 15 கிராம் நீராவியாக அல்ல, தண்ணீராகத்தான் வரும். சுருக்குப்பை அம்மா வீட்டுக்கு வந்தது அந்த மாதிரிக் கருவியாக இருக்கலாம்.

பாவு ஊடை:
நான் தறிக்காரர் வீட்டுப் பெண். பள்ளத்தறியில் அப்பா உட்கார்ந்திருக்க, கரையை உடலோடு இணைக்கும் கோர்வை நெசவுக்கு எதிர்ப்பக்கம் நாடா தள்ளி வளர்ந்தவள். வாட்கணக்கன் தம்பி சூட்டை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார். பழைய பட்டுக்குச் சூட்டைவிட ஈரம்தான் எமன்.

தண்ணீர் பட்ட இடத்தில் கறை ஏன் வட்டமாக விழுகிறது? பாவுக்கு, அதாவது நீளவாட்டு இழைக்கு, போட்ட கஞ்சியின் மிச்சம், சாயத்தின் மிச்சம், அறுபது வருட அழுக்கு எல்லாம் அந்தத் துளியில் கரைந்து, அது காயக் காய ஓரத்துக்கு நகர்ந்து கோடு கட்டிவிடும். தேய்த்தால் போகாது. அடுத்தது கரை. அசல் ஜரிகை என்பது பட்டிழை மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. நனைந்தால் பட்டு உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெள்ளி அப்படி அசையாது. கரை அலை அலையாகச் சுருண்டு நிற்பது அதனால்தான். முலாம் தேய்ந்த இடத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் வெள்ளி கறுக்கும். செம்புக் கம்பி ஜரிகையாக இருந்தால் பச்சை பூக்கும்.

வாட்கணக்கன்:
அக்கா, நீங்கள் சொல்வது துவைப்பதற்குப் பொருந்தும். நீராவி துணியை நனைப்பதில்லை, ஊடுருவிப் போய்விடும்.

பாவு ஊடை:
நனைப்பதில்லையா? ஸ்டீமர் வாயில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது என்ன? நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே துளியாகிவிட்ட தண்ணீர்.

கணக்கு உங்களுக்கு மட்டும்தான் வருமா? புடவை ஒரு கிலோ என்று வையுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். ஒரு சாண் சதுரத் துணி ஏழு கிராம்தான் இருக்கும். நிமிடத்துக்கு 20 கிராம் விடும் கருவியை அந்த ஒரு சாணில் இருபது விநாடி நிறுத்தினால், துணியின் எடைக்கு எடை தண்ணீரை அதன் மேல் விடுகிறீர்கள். பாதி ஊடுருவிப் போகட்டும். மீதிப் பாதி எங்கே போகும்?

வாட்கணக்கன்:
ஒரே இடத்தில் இருபது விநாடி யார் நிறுத்தச் சொன்னது? ஒரு சாண் தூரத்தில் பிடித்து, இரண்டு விநாடிக்கு மேல் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இருந்தாலும் உங்கள் கணக்கு சரிதான். ஊடுருவிப் போய்விடும் என்று பொதுவாகச் சொன்னது என் தவறு.

சுருக்குப்பை:
இரண்டு விநாடியாம்! நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் இரவு, வீட்டில் இருபது பேர் கூப்பிடும்போது, யார் விநாடி எண்ணுவார்கள்?

ஒப்பனை அறை:
நாடகக் குழுவில் இருபது வருடமாக உடுப்புப் பொறுப்பு எனக்கு. வெல்வெட் ரவிக்கையை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்டீமர் உண்மையாகவே வேண்டியது அதற்குத்தான். வெல்வெட்டின் உயிரே அந்த மயிர்தான். இஸ்திரி வைத்தால் நசுங்கி, பெட்டியின் முனை பதிந்த இடம் பளபளவென்று வழுக்கை விழும். உட்புறத்தைத் திருப்பித் தொங்கவிட்டு, பின்னாலிருந்து நீராவி காட்டி, மென்மையான தூரிகையால் மயிரை நிமிர்த்தினால் போதும். ஈரமாக இருக்கும்போது கையால் அழுத்தாதீர்கள். ஐந்து விரலும் பதிந்து நிற்கும்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். முகப்பில் உலோகத் தகடு வைத்த கருவி வேண்டாம். சட்டைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தகடு நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும், தெரியாமல் துணியில் பட்டால் இஸ்திரிதான். கையடக்கக் கருவிகளில் பலவற்றை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும், அதனால் நீளத் துணிக்குச் சரிப்படாது. குழாய் வைத்ததில் தண்ணீர் கீழே தொட்டியில் இருக்கும், தலை லேசு. அதிலும் ஒரு வம்பு உண்டு. குழாய் தொய்ந்தால் வளைவில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், அடுத்த வீச்சில் எல்லாம் வெளியே வரும். குழாயை அடிக்கடி மேலே நீட்டிப் பிடித்துத் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்ப வேண்டும். முதல் ஒரு நிமிட நீராவியைப் பழைய துண்டின் மேல் விட்டுவிடுங்கள்.

ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து, கறுப்பு வெல்வெட்டில் வெள்ளைத் தூளாகத் துப்பும். கார் பேட்டரிக்கென்று விற்கும் வாலைவடிநீர் போதும். ஒரு எச்சரிக்கை, உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் சொல்லிவைக்கிறேன்: மேல்நாட்டில் 1930களின் கவுன்களில் ஜெலட்டின் ஜிகினா தைத்திருப்பார்கள். நீராவி பட்டால் அது கரைந்து கூழாகிவிடும்.

பரண்பெட்டி:
அப்படியானால் புடவையை ரோல் பிரஸ் கடையில் கொடுத்துவிடலாமா?

பாவு ஊடை:
புதுப் பட்டென்றால் நானே அனுப்புவேன். பதினைந்து வருடம் ஒரே மடிப்பில் கிடந்ததை இழுத்துப் பிடித்து உருளையில் சுற்றினால் மடிப்போடு மடிப்பாகப் பிளந்துவிடும். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோட்டைப் பாருங்கள். ஊசித்துளைபோல ஒளி தெரிகிறதா? தெரிந்தால் கட்டுகிற நினைப்பையே மறந்துவிடுங்கள். தெரியாவிட்டால், தடிமனான கழி ஒன்றில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைச் சுற்றி, அதன் மேல் புடவையை அகலமாகப் போடுங்கள். ஆணியிலோ கம்பிக் கொக்கியிலோ வேண்டாம், ஜரிகைக் கனத்துக்கே இழை அறும். அறையை மூடி, ஒரு வாளி தண்ணீரைத் தள்ளி வைத்து, இரண்டு இரவு விடுங்கள். பாதிச் சுருக்கம் தானாக அவிழும்.

வாட்கணக்கன்:
அதுவும் ஈரம்தானே, அக்கா?

பாவு ஊடை:
ஈரம்தான். இரண்டு இரவில் ஏறுகிற ஈரம், தம்பி. இரண்டு விநாடியில் ஏறுவதல்ல. அதன் பிறகும் பிடிவாதமான கோடு இருந்தால், உடல் பகுதியில் மட்டும், உட்புறத்திலிருந்து, உங்கள் ஒரு சாண் தூரத்தில் காட்டட்டும். கரைக்கும் தலைப்புக்கும் வேண்டாம். அதற்கு முன்னால் கொசுவத்துக்குள் மறைகிற ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்க்கட்டும். அரக்கு இறங்கினால் ஸ்டீமரை உறையிலேயே வைத்துவிட வேண்டியதுதான்.

சுருக்குப்பை:
இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். நீராவியை ஒத்துக்கொள்ளவில்லை, வாளியை.

பரண்பெட்டி:
எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஸ்டீமர் வாங்கவில்லை. எதிர்வீட்டில் குழாய் வைத்தது ஒன்று இருந்தது, இரவல் வாங்கினேன். வெல்வெட் ரவிக்கை கடையில் எடுத்த அன்றுபோல ஆகிவிட்டது. ஒப்பனை அறை சொல்லியும் ஒரு விரல் பதித்துவிட்டேன், அக்குளுக்கு அடியில்தான், தெரியாது. புடவையில் ஒளி தெரியவில்லை. ஆனால் வெள்ளைத் துணியில் லேசாக அரக்கு ஒட்டியது. அதனால் வாளி மட்டும்தான், மூன்று இரவு. முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு கோடு மிச்சம் இருக்கிறது. அக்காள் மகள் உடுத்திப் பார்த்தாள், அது கொசுவத்துக்குள் போய்விடுகிறது.

சுருக்குப்பை:
கட்டி முடித்ததும் வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது.

வாட்கணக்கன்:
எதிர்வீட்டுக் கருவி எத்தனை வாட் என்று பார்த்தீர்களா?