சிறுநீரகம் பொருத்திய பின் தங்கை சாப்பாட்டை ஒதுக்குகிறாள்

கேள்வி: மன்னார்குடிக்காரன்

என் தங்கைக்கு வயது 27. ஐந்து ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தவளுக்குச் சென்ற புரட்டாசியில் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். இருவரும் நலமாகவே வீடு திரும்பினார்கள். மாத்திரைகளால் தங்கைக்கு முகம் உப்பியது, பசியும் அடங்காமல் வந்தது. தை, மாசியில் அறுவடை முடிந்து வரிசையாக நடந்த கல்யாணங்களில் பார்த்தவர்கள் எல்லாம் "நன்றாகச் சதை போட்டுவிட்டாயே" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். அதன்பின் அவள் பந்தியில் உட்காருவதையே நிறுத்திவிட்டாள். முதலில் சனிக்கிழமை விரதம் என்றாள். பிறகு சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம் என்று நாட்கள் கூடிக்கொண்டே போயின. விரதம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் நள்ளிரவில் அடுக்களையில் நின்றபடியே மீந்த சோற்றையும் பலகாரத்தையும் அவள் அள்ளித் தின்பதையும், பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுப்பதையும் நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். மருத்துவரிடம் சொன்னால் தங்கையைக் காட்டிக்கொடுத்ததாக ஆகுமா? இது சிறுநீரகத்தையும் பாதிக்குமா?

பதில்: குத்தாலத்துச் செவிலியர் (ஓய்வு)

பாதிக்கும் தம்பி. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் ஓர் அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் உடல் அதை நிராகரிக்கத் தொடங்கும், மிகுந்தால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை போட்ட சற்று நேரத்தில் வாந்தி எடுத்தால் எவ்வளவு மருந்து உள்ளே நின்றது என்பது யாருக்கும் தெரியாது. வாந்தியால் நீர்ச்சத்து வற்றினாலும், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும். காரணம் தெரியாத மருத்துவர் நிராகரிப்பு என்று சந்தேகித்து, ஊசியால் திசு எடுத்துப் பார்க்கவோ மருந்தின் அளவை மாற்றவோ நேரிடும். ஆகவே சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள், முதலில் அவளிடமே பேசுங்கள்.

முக உப்பலும் அடங்காப் பசியும், நிராகரிப்பைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. மருத்துவர் படிப்படியாக அளவைக் குறைக்கையில் பெரும்பாலும் அவையும் குறையும். இளைப்பதற்காக அதைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. உடல் இளைக்கும் பொடி, கஷாயம் எதுவும் வேண்டாம். மனநல மருத்துவரையும் உணவு ஆலோசகரையும் சிறுநீரகம் பொருத்திய மருத்துவக் குழு வழியாகவே கேளுங்கள். மனநல மாத்திரைகளிலும் சில டாக்ரோலிமஸோடு மோதும். அவள் யாரிடமாவது உடனே பேச விரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பதில்: பாபநாசம்

நானும் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவன், ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைச் சுற்றி வாழைத்தோப்பு இருந்தும் டயாலிசிஸ் காலத்தில் ஒரு பழம் தொட்டதில்லை. பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் தேங்கி இதயத்தைத் தாக்கும் பொட்டாசியம் வாழைப்பழத்தில் மிகுதி என்பதால், அந்தச் சொல்லே எமனாகத் தோன்றியது. காயை நறுக்கி, வேகவைத்து, நீரை வடித்து, தண்ணீரையும் அளந்து குடித்தவனிடம் ஒரு நாள் திடீரென்று "இனி நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், பழம் சாப்பிடுங்கள்" என்றார்கள். பல ஆண்டுகள் பயந்து பழகிய நாக்கு ஒரே நாளில் மாறிவிடுமா? முதல் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு இரவெல்லாம் நெஞ்சில் கைவைத்துப் படுத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. தினமும் எடை, இரத்த அழுத்தம், குடித்த நீர், போன சிறுநீர் என்று எழுதிவைக்க ஒரு குறிப்பேடு கொடுப்பார்கள். உடலில் நீர் தேங்குகிறதா என்று அறிய அது அவசியம்தான். ஆனால் அந்த எடைதான் என்னைப் பிடித்த பேயாகிவிட்டது. ஒருநாள் அரைக் கிலோ ஏறினால் அன்று சோறு கிடையாது. பிறகு என் மனைவி எடையைப் பார்த்து எழுதிக்கொள்வார், எனக்குக் காட்டமாட்டார். மருத்துவரும் அதற்கு ஒத்துக்கொண்டார். உங்கள் தங்கையின் குறிப்பேட்டையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

பதில்: கொடுத்தவள்

நான் என் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவள். ஒரு நாள் அவன் தட்டைத் தள்ளியபோது "இதற்கா வெட்டிக் கொடுத்தேன்" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் எதிரில் ஒழுங்காகச் சாப்பிட்டான், நான் இல்லாதபோது சாப்பிடவில்லை. உங்கள் அம்மாவிடம் மறைக்காதீர்கள். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் அவர் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிக்காரன்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை வாசல் திண்ணையில் தங்கையோடு உட்கார்ந்து பேசினேன். வாந்தியைப் பற்றி எடுக்கவில்லை, குறிப்பேட்டை மட்டும் கேட்டேன். எடைக்கென்று இருந்த ஒரு கட்டத்துக்குள் அவள் ஒரு நாளைக்கு எட்டு முறை பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். வியாழக்கிழமை பரிசோதனைக்குப் போகையில் அந்தக் குறிப்பேட்டைத் தானே மருத்துவரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன்.