ஹவாய் மிஷனரி வீட்டுக் கடிதங்கள்: இவற்றில் எதை நம்புவது?

கிணற்றடி:

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். ஆண்டு விழாவுக்கு வழக்கமான கட்டபொம்மன் வேண்டாம், புதிதாக ஒரு நாடகம் எழுதலாம் என்று ஆசைப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஹவாய்த் தீவுகளுக்குப் போன அமெரிக்க மிஷனரிக் குடும்பங்களின் கடிதங்களையும் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளையும் இணையத்தில் வாசிக்கத் தொடங்கினேன். மூன்று வாரம் ஆயிற்று, ஒரு காட்சி கூடத் தேறவில்லை. அம்மாவின் கடிதம் முழுக்கத் தேவ சித்தம். பிள்ளையின் கட்டுரை முழுக்க நன்னடத்தை. இந்த வீடுகளில் யாருக்கும் பசிக்கவில்லையா? யாரும் அழவில்லையா?

இன்னொரு சந்தேகம். சில பக்கங்களில் எழுதிய எழுத்தின் மேலேயே குறுக்காக வேறு எழுத்து ஓடுகிறது. அதை எப்படிப் படிப்பது?

சுவடிக்காரன்:

இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது தபால் சிக்கனம். 1845 வரை அமெரிக்காவில் தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பார்த்துத்தான் அஞ்சல் கட்டணம். அதனால் ஒரு பக்கத்தை நிரப்பியதும் தாளைத் திருப்பி, முதல் வரிகளுக்குக் குறுக்கே தொடர்ந்து எழுதினார்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு திசை வரிகளை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போங்கள், அரை மணி நேரத்தில் பழகிவிடும். 'எஸ்' இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது நீண்டு 'எஃப்' போலவோ 'பி' போலவோ தெரியும். ஏமாந்துவிடாதீர்கள்.

ஊர்ப் பெயர் தேடும்போதும் கவனம். ஹவாய் மொழிக்கு எந்தெந்த எழுத்து என்று மிஷனரிகள் 1826இல்தான் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அதற்கு முந்தைய தாள்களில் ஹொனலுலு 'ஹொனொருரு' ஆக இருக்கும், அரசர் கமேஹமேஹா 'தமேஹமேஹா' ஆக இருப்பார். ஹீலோவைப் 'பைரன் விரிகுடா' என்பார்கள். 1825இல் கப்பலில் வந்த பைரன் பிரபுவின் பெயர் அது. கவிஞர் அல்லர், அவருக்கு உறவினர்.

பனங்கூடல்:

பிள்ளை, முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் குழுவை ஏற்றிய தாடியஸ் என்ற கப்பல் 1819 அக்டோபர் 23இல் பாஸ்டனை விட்டது. தென் அமெரிக்காவின் ஹோர்ன் முனையைச் சுற்றி வந்து, ஹவாய் கண்ணில் பட்டபோது 1820 மார்ச் முடியும் நேரம். ஐந்து மாதத்துக்கு மேல். கடிதம் போவதும் அதே வழி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாய்க்கு எழுதினால், ஆறுதல் வந்து சேரும்போது அந்தக் குழந்தை எழுந்து ஓடிக்கொண்டிருக்கும், அல்லது புதைத்த இடத்தில் புல் முளைத்திருக்கும். இப்படி எழுதுகிறவள் அன்றைய எரிச்சலை எழுத மாட்டாள். ஆற வைத்துத்தான் எழுதுவாள்.

அடுத்து, யார் கண் படும் என்ற பயம். பாஸ்டனிலிருந்த மிஷன் சங்கம் 'மிஷனரி ஹெரால்ட்' என்று ஓர் இதழ் நடத்தியது. களத்திலிருந்து வரும் கடிதங்களை வெட்டித் திருத்தி அதில் போடுவார்கள். நான் தெல்லிப்பழையில் பிறந்தவன். அதே சங்கம் ஹவாய்க்குப் போவதற்கு முன்பே, 1816இல், வந்து குடியேறிய ஊர் அது. ஒரே இதழில் ஒரு பக்கம் யாழ்ப்பாணம், மறு பக்கம் ஹவாய். பனங்காட்டிலிருந்து எழுதியவரும் எரிமலைக் கரையிலிருந்து எழுதியவரும் ஒரே பிரசங்கக் குரலில் பேசுவதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, நன்கொடை கொடுப்பவர்களுக்கு எழுதும் குரல் வேறு எப்படி இருக்கும் என்று தோன்றியது.

ஆகவே பிரசங்கத்தைத் தாண்டிப் போங்கள். வீட்டு ஏற்பாடுகளைப் படியுங்கள், அழுகை அங்கேதான் கிடக்கிறது.

கைலுவா என்ற ஊரில் லூசி தர்ஸ்டன் என்ற மிஷனரி மனைவி தம் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பி, பிள்ளைகளுக்கென்று தனி முற்றம் ஒதுக்கினார். ஹவாய்க்காரர் வந்து போகும் பகுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தம் பிள்ளைகள் ஹவாய் மொழியைக் கற்கக் கூடாது என்பது ஏற்பாடு. தகப்பன்மார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அதே மொழியைக் கற்று, 1822 ஜனவரியில் அதில் அச்சடிக்கத் தொடங்கி, 1839இல் முழு வேதாகமத்தையும் அதில் கொண்டுவந்தார்கள். தகப்பன் பகல் முழுவதும் மொழிபெயர்க்கும் மொழி, மதிலுக்கு இந்தப் பக்கம் பிள்ளைக்கு விலக்கு! உங்களுக்கு ஒரு காட்சி தேறவில்லை என்கிறீர்கள். இதைவிட என்ன வேண்டும்?

மதில் போதாது என்று நினைத்தவர்கள் பிள்ளையைக் கப்பலேற்றினார்கள். மிஷனரி ஹைரம் பிங்கமின் மகள் சோபியா 1820 நவம்பரில் ஹவாயில் பிறந்தவள். 1828இல், எட்டு வயது வாக்கில், அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். அவளுக்குப் பின்னும் பல பிள்ளைகள் அப்படிப் போனார்கள். இந்தப் பிரிவைத் தாங்க முடியாமல்தான் 1841இல் ஹொனலுலுவுக்கு அருகே, டேனியல் டோலை ஆசிரியராக வைத்து, புனஹோ பள்ளியை நிறுவினார்கள். நீங்கள் சலித்துக்கொள்ளும் பள்ளிக் கட்டுரைகளை இதை மனதில் வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் பெற்றோருக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதே பெரிய சேதி. வாத்தியார் திருத்தப்போகும் தாளில் நன்னடத்தையைத் தவிர எதை எழுதுவார்கள்? உங்கள் ஒன்பதாம் வகுப்பு எழுதுகிறதா?

அந்த டோல் வீட்டில் 1844இல் சான்ஃபோர்ட் பிறந்த சில நாட்களில் தாய் இறந்துவிட்டார். ஒரு ஹவாய்ப் பெண்தான் பால் கொடுத்தார். 1893இல் ஹவாய் ராணி லிலியுஒகலானியை அரியணையிலிருந்து இறக்கியபோது இடைக்கால அரசுக்குத் தலைவரானவர் அந்தப் பிள்ளை. அடுத்த ஆண்டு குடியரசின் ஜனாதிபதி. இதற்கு நான் உரை எழுதப் போவதில்லை.

பசியைக் கேட்டீர்கள். அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1839இல் குக் என்ற மிஷனரித் தம்பதியர் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். அதில் படித்தவர்தான் இந்த லிலியுஒகலானி. பல நாட்கள் வயிறு நிறையாமல் படுத்ததையும், இரவு உணவு பெரும்பாலும் வெல்லப்பாகு தடவிய தடித்த ரொட்டித் துண்டு மட்டுமே என்பதையும் 1898இல் தம் நூலில் எழுதினார். அறுபது வயதை எட்டும் நேரத்திலும் அந்த ரொட்டி மறக்கவில்லை.

தென்றல்:

பனங்கூடல் ஐயா சொல்வது சரிதான். ஆனாலும் வெள்ளைக்காரப் பிள்ளையின் கட்டுரையையே ஏன் துழாவ வேண்டும்? மௌயி தீவின் லஹைனாலூனாவில் 1831இல் தொடங்கிய கல்லூரியில் ஹவாய்க்காரர்களே எழுதப் படித்தார்கள். 1834இல் அங்கே ஹவாய் மொழியில் செய்தித்தாளே அச்சானது. டேவிட் மலோவும் சாமுவேல் கமகாவும் அங்கே படித்துவிட்டுத் தங்கள் மக்களின் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள். நாடகத்தில் அவர்கள் குரல் இல்லாவிட்டால் மதிலுக்கு உள்ளேயே நின்றுவிடுவீர்கள்.

பனங்கூடல்:

ஒப்புக்கொள்கிறேன். மலோவை மேடையில் நிறுத்த ஒரு பையன் கிடைத்தால் நிறுத்துங்கள். நான் சமையலறையைத் தாண்டாத கிழவன்.

கிணற்றடி:

நன்றி, ஐயா. மேடையின் நடுவே மதில் வைக்கப்போகிறேன். ஒரு பக்கம் தகப்பனும் மலோவும் ஹவாய்ச் சொற்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். மறு பக்கம் சோபியாவின் பெட்டி கட்டப்படும். எரிமலையைத்தான் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியவில்லை, பள்ளியில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி.

பனங்கூடல்:

எரிமலையை விட்டுவிடுங்கள், நிலநடுக்கம் செலவில்லாதது. ஹீலோவில் சாரா லைமன் என்ற மிஷனரி மனைவி 1833 முதல் பல பத்தாண்டுகளாக வீடு ஆடிய நாட்களையெல்லாம் குறித்து வைத்தார். இன்று நிலவியலாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். 1868 ஏப்ரல் 2இன் பேரதிர்ச்சியும் அவர் காலத்தில் வந்ததுதான். மேசையில் ஒரு பீங்கான் கோப்பை ஆடட்டும். அந்த அம்மா எழுந்திருக்காமல் பேனாவை மைக்கூட்டில் தோய்க்கட்டும்.