கொல்லைப்புற ஓணானையும் அரணையையும் விரட்டாமல் படம் எடுப்பது எப்படி?

கேள்வி – செம்பருத்தி வேலி

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் அளவில் கொல்லை இருக்கிறது. வேலியோரம் செம்பருத்தி, நடுவில் ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை, மதிலை ஒட்டிப் பழைய நாட்டு ஓடுகளின் குவியல். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே வரும் ஊர்வனவற்றைக் கவனித்துப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் ஒரு மிரர்லெஸ் கேமராவும் 55–250 லென்ஸும், கைப்பேசியும் உள்ளன.

வேலித் தூணில் தினமும் ஒரு பச்சோந்தி வந்து உட்காருகிறது. தலையும் தோளும் சிவந்து, தொண்டையில் கறுப்புத் திட்டோடு இருக்கும் அதை நெருங்க நான் நாலடி வைப்பதற்குள் தூணின் மறுபக்கம் போய்விடுகிறது. ஓடுகளின் மேல் வெயில் காயும் அரணையைச் சில முறை எடுத்துவிட்டேன்; ஆனால் முதுகு முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பளபளத்து, நிறமே தெரியவில்லை. மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருவது. சென்ற வாரம் பூந்தொட்டியை நகர்த்தியபோது, பாம்புக்குட்டி போல மெலிந்து, மிகச் சிறிய கால்களும் சிவந்த வாலும் கொண்ட ஒன்று நெளிந்து ஓடியது. ‘அரணை கடித்தால் மரணம்’ என்று சொல்லி மாமியார் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டார். அது நஞ்சுள்ளதா? அதை எப்படிப் படம் எடுப்பது?

மறுமொழி – ஓட்டுக் குவியல்

அம்மா, கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் நஞ்சுள்ள பல்லியினம் எதுவும் கிடையாது, அரணைக்கும் நஞ்சில்லை. கடிக்க வந்த அரணை வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். நஞ்சுக் கதையால் அது அடிபட்டுச் சாகாமல் இருக்க மறதிக் கதையைச் சேர்த்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நீங்கள் பார்த்தது புள்ளி அரணையின் குஞ்சாக இருக்க வேண்டும். வளர்ந்தது ஒரு சாண் நீளத்தை ஒட்டி, பழுப்பு நிற உடலில் வரிசை வரிசையான கரும்புள்ளிகளோடு இருக்கும். குஞ்சுப் பருவத்தில் மட்டும் வால் சிவந்திருக்கும். பிடிக்க வரும் பறவையின் கண் முதலில் அந்த வாலில்தான் விழும். அறுந்த வால் தனியே துடித்துக்கொண்டிருக்க, உடல் மண்ணுக்குள் போய்விடும். அறுந்த வால் மீண்டும் வளரும், ஆனால் உள்ளே முள்ளெலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். ஆகவே அதைக் கையால் பிடித்து நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

தூணில் உட்காருவது பச்சோந்தி அன்று, ஓணான். உண்மையான பச்சோந்தியின் இரு கண்களும் வெவ்வேறு திசையில் சுழலும், வால் சுருளும், விரல்கள் இரு கொத்துகளாகச் சேர்ந்து கிளையைப் பற்றும். உங்கள் தூணில் இருப்பது இனப்பெருக்கக் காலத்து ஆண் ஓணான். தலை சிவந்ததைப் பார்த்து, அது எட்ட நின்றே ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று நம்மைச் சிறுவயதில் பயமுறுத்தியிருப்பார்கள். நிறத்தை மாற்றும் என்பதால்தான் பலரும் இதைப் பச்சோந்தி என்கிறார்கள். அறிவியலார் 1802இல் சூட்டிய இலத்தீன் பெயரிலும் நிறம் மாறுவது என்ற பொருளே இருக்கிறது. அந்தத் தூண் அதன் எல்லைக் கல். வேறோர் ஆண் கண்ணில் பட்டால் முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பதுபோல உடலைத் தூக்கித் தூக்கி இறக்கும். அதே இடத்துக்கு அது திரும்பி வரும் என்பதால், நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை.

மறுமொழி – மேகமூட்டம் (கோவை)

நெருங்கிப் போவதில்தான் தவறு இருக்கிறது. ஓணான் ஓடிய பிறகு, தூணிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, குவியத்தைத் தூணின் உச்சியில் முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருங்கள். சமையலறை ஜன்னலிலிருந்து தூண் தெரியுமானால் அதைவிட நல்ல மறைவிடம் இல்லை. நேராக நடந்து போகாமல், வேறு வேலையாகப் போவதுபோலச் சாய்வாகப் போய் உட்காருங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. காலை ஏழு முதல் ஒன்பது மணி வரை உடலைச் சூடாக்கிக்கொள்ள அசையாமல் வெயில் காயும் நேரம். வெளிச்சமும் பக்கவாட்டில் இதமாக விழும்.

உங்கள் லென்ஸ் சுமார் ஒரு மீட்டருக்குக் குறைவான தொலைவில் குவியாது. ஓணானுக்கு அது போதும். அரணை போன்ற சிறியவற்றுக்கு லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஓர் எக்ஸ்டென்ஷன் டியூப் (கண்ணாடியில்லாத வெற்று வளையம்) மாட்டினால் இன்னும் நெருக்கமாகக் குவியும். கைப்பேசியில் மேக்ரோ என்று இருப்பதைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது அகலக்கோண லென்ஸில் வேலை செய்வதால், கைப்பேசியை உயிரினத்தின் மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கும். இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தால் அதுவே மேல்.

அரணையின் பளபளப்புக்குக் காரணம் அதன் வழவழப்பான செதில்கள். உச்சி வெயிலில் ஒவ்வொன்றும் கண்ணாடித் துண்டாக மின்னும். மெல்லிய மேகம் மூடிய நேரத்தில் எடுங்கள், கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் படி (ஸ்டாப்) குறைத்து வையுங்கள். போலரைசர் ஃபில்டர் போட்டால் மினுமினுப்பு ஓரளவு அடங்கும். ஆனால் ஒன்றரைப் படி வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். துளை எஃப் 8, வேகம் 1/250 நொடி என்று தொடங்கலாம்; ஓணான் தண்டால் எடுக்கும்போது 1/500 வேண்டும். அதன் உடலுக்குப் பக்கவாட்டில், கேமராவை இணையாகப் பிடித்தால்தான் மூக்கு முதல் வால்வரை தெளிவாக வரும். எதுவுமே முடியாவிட்டால் கண் மட்டுமாவது தெளிவாக இருக்கட்டும். மேலிருந்து எடுக்காதீர்கள், தரையில் படுத்தாலும் பரவாயில்லை, கண் மட்டத்துக்கு இறங்குங்கள்.

மறுமொழி – புதுமுகம்

சிறிய பல்லியைப் பத்து நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் அசையாமல் இருக்கும் என்று எங்கோ படித்தேன். முயன்று பார்க்கலாமே.

மறுமொழி – ஓட்டுக் குவியல்

வேண்டவே வேண்டாம். வெளிவெப்பத்தை நம்பி உயிர் வாழும் விலங்கைக் குளிரில் வைத்தால், அதன் தசைகள் இயங்காததால்தான் அது அசையாமல் கிடக்கிறது. விடுவித்த பிறகும் உடல் சூடேறும்வரை காக்கையோ பூனையோ வந்தால் தப்ப முடியாது. அப்படி எடுத்த படங்களும் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்: தலை தொங்கி, கண் பாதி மூடி, கால்கள் ஒழுங்கின்றி விரிந்து கிடக்கும்.

புள்ளி அரணைக்கு வேறு வழி இருக்கிறது. வாழையடியில் சருகை அள்ளாமல் விட்டு, ஓரத்தில் இரண்டு ஓடுகளைச் சாய்த்து வையுங்கள். மழை விட்ட பிறகு சருகின் விளிம்பில் அது தலை நீட்டும். ஓட்டைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் நாலு முறை தூக்கினால் அது இடம் மாறிவிடும். பூச்சிமருந்து அடிப்பவராக இருந்தால் இந்த முயற்சியே வீண்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றினால் இனத்தை அடையாளம் காண மற்றவர்கள் உதவுவார்கள். ஆனால் உங்கள் வீட்டின் சரியான இடமும் படத்தோடு சேர்ந்து வெளியாகும். இடத்தை மங்கலாகக் காட்டும் வசதி அங்கேயே உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி – செம்பருத்தி வேலி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சமையலறை ஜன்னலில் துணி ஒன்றைக் கட்டி, அதன் கிழிசல் வழியாகக் காலையில் அரை மணி நேரம் உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதல் ஐந்து நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாம் நாள், ஓணான் ஒரு கட்டெறும்பை நக்கி எடுத்ததைக் கண் மட்டத்தில் எடுத்தேன். தொண்டைக் கறுப்பு நன்றாக வந்திருக்கிறது. சிவப்பு வாலை இன்னும் எடுக்க முடியவில்லை, ஆனால் மாமியாரே இருமுறை பார்த்துவிட்டு, விளக்குமாறு எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

நேற்று எதிர்பாராத ஒன்று. மழைக்குப் பிறகு முருங்கையடியில் நிறம் மங்கிய பெண் ஓணான் ஒன்று குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிற்று. இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டிருக்கிறேன். அங்கே கீரைப் பாத்தி இருக்கிறது, தண்ணீர் விடலாமா?

மறுமொழி – ஓட்டுக் குவியல்

தோல் போன்ற ஓடுடைய அந்த முட்டைகள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் வளரும். ஆகவே மண் காய்ந்துபோகவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பாத்தியில் வாளியால் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பூவாளியால் தெளியுங்கள், அந்த இடத்தைக் கொத்த வேண்டாம். குஞ்சுகள் வெளிவர ஆறேழு வாரம் ஆகலாம். அந்தச் சமயத்தில் பூனையைக் கொல்லைப் பக்கம் விடாதீர்கள்.