மறு: மறு: பாலிமர் பூசிய வெள்ளி நானோ துகள் – தமிழ்ச்சொல் அவசரம்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். கல்லூரி ஆய்வகக் கையேடு, நாளை அச்சுக்குப் போகிறது. வெள்ளி நைட்ரேட்டைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி வெள்ளித் துகளாக்கி, துகள்கள் ஒட்டித் திரளாதிருக்கப் பாலிவினைல்பிரோலிடோன் என்ற பாலிமரைச் சுற்றிலும் ஏற்றி, ஈ.கோலை பாக்டீரியா வளர்ச்சி தடைபடுகிறதா என்று பார்க்கும் செய்முறை. 'பலபடி பூசிய வெள்ளி நானோ துகள் நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று எழுதினேன். படிக்கவே மூச்சு வாங்குகிறது.

புலவர்:
நானோ கிரேக்கத்தில் குள்ளன். நம்மிடம் குறள் இருக்க ஏன் கடன்? வாமனனை ஆழ்வார்கள் குறள் என்றே பாடினார்கள். குறள் + துகள் = குறட்டுகள்; நன்னூல் விதிதான். வெள்ளி கோளுக்கும் கிழமைக்கும் போய்விட்டது, வெண்பொன் என்க. ஆக, வெண்பொற்குறட்டுகள்!

பள்ளி ஆசிரியை:
ஐயா, பிள்ளைகள் இதைக் குறட்டுக்குப் பன்மை என்பார்கள். கடைசி பெஞ்சு குறட்டை என்றே படிக்கும். அப்புறம், துகள்கள் நீரில் மிதக்கும் இந்தக் கூழ்மம் வெண்மையே இல்லை. 400 நானோமீட்டர் அருகே ஊதா ஒளியை உறிஞ்சுவதால் மஞ்சளாகத் தெரியும். மீட்டரும் கிலோவும் இருக்கும்போது நானோவும் இருக்கட்டுமே.

யாழ்ப்பாணத்து அன்பர்:
பாலிமருக்கு எங்கள் பாடநூல்களில் பல்பகுதியம். பலபடி என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்காது.

வேதியியல் பேராசிரியர்:
சிக்கல் கடைசிச் சொல்லில் இருக்கிறது, யாரும் தொடவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பி என்றதும் மாணவர் பெனிசிலினை நினைப்பார். வெள்ளியின் வேலை வேறு: துகளிலிருந்து கசியும் அயனிகள் புரதங்களின் கந்தகத் தொகுதிகளைப் பற்றி நொதிகளை முடக்கும், சவ்வையும் குலைக்கும், பூஞ்சையும் தப்பாது. கொல்லி என்றும் சொல்ல முடியாது, செறிவு குறைந்தால் வளர்ச்சிதான் நிற்கும். 'நுண்ணுயிரடக்கி' சரிவரும். பூச்சும் வேண்டாம், அது சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி அடைத்துவிடும். அயனி வெளியேற வழி வேண்டும். போர்வை என்றால் காற்று போகும்.

புலவர்:
அடக்கி நன்று. புலனடக்கம், நாவடக்கம் என்று நெடிய மரபு உண்டு. போர்த்திய, போர்த்த இரண்டில் எது என்று தனி மடல் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
தனி மடலுக்கு நேரமில்லை ஐயா. 'பாலிமர் போர்த்திய வெள்ளி நானோ துகள்: ஒரு நுண்ணுயிரடக்கி'. மூவர் சரி என்றுவிட்டார்கள், அனுப்புகிறேன்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
இங்கே நான் பல்பகுதியம் என்றே எழுதுவேன்.

புலவர்:
பாலிமருக்கும் நானோவுக்கும் என் மறுப்பைப் பதிவு செய்க. வெண்பொற்குறட்டுகளைத் திரும்பப் பெறவில்லை.